பங்குனிக்கு வைத்த பாட்டில்

என் வீட்டுக்காரர் ஒயின் குடிப்பார். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். முப்பது வருடம் இதை ஒளித்தே குடும்பம் நடத்தியவள் நான். அப்படி ஒளித்ததால் என்ன ஆனது என்று எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். அவர் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இனி யாருக்குப் பயந்து என்ன செய்யப் போகிறேன்.

எங்கள் பக்கத்தில் குடி என்றால் எல்லாமே ஒரே குடிதான். பிராந்தி, பீர், கள், ஒயின் என்று தரம் பிரித்துப் பார்க்க யாருக்கும் பொறுமை கிடையாது. ஒருவன் குடிப்பான், அல்லது குடிக்க மாட்டான், அவ்வளவுதான். திருமங்கலத்துக்கு மேற்கே எங்கள் ஊரில் என் அப்பா குடிப்பவர். அவர் தள்ளாடிக்கொண்டு வருவது தெருமுனையில் தெரிந்ததுமே அம்மா சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு என்னோடு மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவாள். பானையை உடைத்துவிட்டால் மறுநாளுக்கு வேறு பானை கிடையாது. அந்தக் கொட்டகையில் உட்கார்ந்துதான், இந்தக் கருமத்தை என் வாயில் படவிட மாட்டேன் என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன்.

என்னைப் பெண் பார்க்க வந்தபோது நான் கேட்ட ஒரே கேள்வி, மாப்பிள்ளை குடிப்பாரா என்பது. "ஓட்டல்ல சாப்பாடு பரிமாறுற வேலைம்மா. அவருக்கு அதுக்கெல்லாம் எங்க நேரம்?" என்றார் தரகர். அவர் பொய் சொல்லவில்லை. வேலையே அதுதான் என்பதை மட்டும் விட்டுவிட்டார்.

கோயில் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற பெரிய ஓட்டல் அது. எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் பொருந்தும் என்று சொல்லி, பாட்டிலைத் திறந்து, ஊற்றிக் கொடுப்பது அவர் வேலை. ருசி தெரியாமல் எப்படிச் சொல்வது? வேலைக்காக நாக்கில் வைத்துப் பார்த்தவருக்கு அது பிடித்துப்போய்விட்டது. கல்யாணமான மூன்றாம் மாதம், அலமாரியில் துண்டுக்குள் சுருட்டி வைத்திருந்த பாட்டில் என் கையில் அகப்பட்டது. ஆறு மாதம் நான் அவரோடு பேசவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் நான். தண்டனை கொடுக்க எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடைசியில் ஓர் உடன்படிக்கைக்கு வந்தோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும். சாப்பாட்டோடு மட்டும். ஒரு கிளாஸ் மட்டும். வாசல் கதவைச் சாத்திக்கொண்டு மட்டும். நாலையும் நான்தான் சொன்னேன், அவர் தலையாட்டினார். சாகும்வரை ஒன்றையும் மீறவில்லை. என்றைக்காவது மீறுவார், அன்றைக்கு வைத்துக்கொள்கிறேன் என்று நான்தான் பல வருடம் காத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு மத்தியானம் மதுரைக் கோச்சடையில் எங்கள் வீட்டுக் கதவு சாத்தப்படும். அவர் தன் கிளாசில் ஊற்றிக்கொள்வார். பிறகு ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரில் இரண்டு வாய் அளவுக்கு ஊற்றி என் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பார்.

"ஒரு வாய்?"

"வேணாம்."

சாப்பிட்டு முடித்ததும் அந்த டம்ளரையும் அவரே எடுத்துக் குடிப்பார். "வீணாக்கக் கூடாதுல்ல" என்பார். ஒரு கிளாஸ் என்ற கணக்கு இதில் உதைக்கிறதே என்று முதலில் சண்டை பிடித்தேன், பிறகு விட்டுவிட்டேன். முப்பது வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள். ஒவ்வொன்றிலும் அவர் கேட்டார், ஒவ்வொன்றிலும் நான் வேணாம் என்றேன்.

பெரிய கம்பெனி பாட்டிலை அவர் வீட்டுக்குக் கொண்டு வந்ததே இல்லை. "அது பாக்கெட் பாலு மாதிரி புள்ள. என்னைக்கும் ஒரே ருசிதேன். ஒரு வீட்டு மாட்டுப் பாலுன்னா, அது நேத்து என்னா மேஞ்சுச்சுன்னு நாக்குக்குத் தெரிஞ்சிரும்" என்பார். ஓசூர் தாண்டிக் கர்நாடகப் பக்கத்தில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் நாலு ஏக்கரில் திராட்சை வைத்து, அங்கேயே ஒயின் போட்டுக்கொண்டிருந்தார்கள். தமிழ் பேசுகிறவர்கள். ஓட்டலுக்கு ஒரு தடவை மாதிரிப் பாட்டில் காட்ட வந்திருக்கிறார்கள். மேலே இருப்பவர்கள் பாட்டிலின் லேபிளைப் பார்த்தே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். இவர் மட்டும் வாசல்வரை பின்னாலேயே போய் விலாசம் வாங்கிக்கொண்டார். அதிலிருந்து வருடத்துக்கு இரண்டு முறை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி அங்கே போய் வருவார். பையில் வேட்டிக்கு நடுவில் இரண்டு மூன்று பாட்டில் வரும். அதோடு அந்த ஊர்ச் சேதியும் வரும். "இந்த வருசம் பழம் திரளுறப்ப மழை பிடிச்சுக்கிருச்சாம். அதான் புளிப்புத் தூக்கலா இருக்கு. ஐப்பசிக்கு ஆகும்."

வந்ததும் வராததுமாக ஒவ்வொரு பாட்டிலின் கழுத்திலும் ஒரு சீட்டைக் கட்டுவார். மாதம், அதற்குப் பக்கத்தில் பதார்த்தம். சித்திரை வெயிலுக்கு எலுமிச்சை வாசனை அடிக்கிற வெள்ளை ஒயின், தயிர்ச்சோற்றுக்கும் மாங்காய்க்கும். ஆடிக் காற்றுக்கு மிளகு வாசனையோடு சிவப்பு, கறிச் சுக்காவுக்கு. தை மாதத்துப் பச்சை மொச்சைக் குழம்புக்கு அவ்வளவு முரடில்லாத ஒரு சிவப்பு. ஐப்பசியில் ஆற்றில் தண்ணீர் வந்து அயிரை மீன் கிடைக்கிறபோது லேசாக இனிப்புத் தட்டுகிற வெள்ளை. நம் காரத்தோடு துவர்ப்பான சிவப்பைச் சேர்த்தால் வாய் பற்றி எரியும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல எனக்குச் சொல்லுவார். குடிக்காதவளுக்கு எதற்கு இந்தப் பாடம் என்று நான் வெடுக்கென்று கேட்பேன்.

ஆனால் மோந்து பார்ப்பேன். குடிக்க மாட்டேன் என்றுதானே சத்தியம். மோந்து பார்க்க மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. ஒரு தடவை திறந்த பாட்டிலை அவர் என் மூக்குக்கு நேராக நீட்டி விளையாட்டாகக் கேட்டார். அடுப்பில் அயிரைக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. "இது இந்தக் குழம்புக்கு ஆகாது. புளியோட மல்லுக்கு நிக்கும்" என்றேன் வாய்க்கு வந்தபடி. அவர் ஊற்றிக் குழம்போடு குடித்துப் பார்த்துவிட்டு என்னையே பார்த்தார். அதிலிருந்து எந்தப் பாட்டிலும் என் மூக்கைத் தாண்டாமல் சாப்பாட்டுக்கு வந்ததில்லை. சீட்டில் எழுதியதை நான் மாற்றச் சொன்னால் மாற்றி எழுதுவார். சனிக்கிழமை சாயங்காலமே நாளைக்கு என்ன, எதற்கு என்ன என்று பேச ஆரம்பித்துவிடுவோம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தப் பேச்சு இல்லாமல் இருந்திருந்தால் அந்த வீட்டில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை சத்தமே இல்லாமல் போயிருக்கும். எனக்கு அது பிடித்திருந்தது. அதை அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

ஒயினை வைக்கிற இடம்தான் பெரிய பாடு. அறைச் சூட்டில் வைக்க வேண்டும் என்று ஓட்டலுக்கு வரும் புத்தகங்களில் போட்டிருக்குமாம். "மதுரையில அறைன்னா அடுப்புல்ல" என்று சிரிப்பார். மாடிப்படிக்குக் கீழே, வெயிலே எட்டாத மூலையில், செங்கல் வைத்து ஒரு தொட்டி கட்டினார். அதில் ஆற்று மணலை நிரப்பி, பாட்டில்களைப் படுக்கவைத்துப் புதைத்து, மேலே ஈரச் சாக்கைப் போட்டு மூடினார். காலையும் மாலையும் மணலுக்குத் தண்ணீர் தெளிப்பது, செடிக்கு ஊற்றுவதைவிட முக்கியமான வேலை. கத்திரி வெயிலில் மூன்று வேளை. அவர் ஊருக்குப் போகிற நாட்களில் நான் தெளிப்பேன். "சூடு பட்டா செத்துப்போயிரும் புள்ள, மறந்துராத" என்று பஸ் ஏறுகிறவரை சொல்லிக்கொண்டிருப்பார். ஆகவே தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் சொல்ல முடியாது. எனக்குத் தெரியும்.

ஓட்டலில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்குச் சர்க்கரை நோய் வந்தது. பாயசம், பணியாரம், மாம்பழம் எல்லாம் நின்றன. ஞாயிற்றுக்கிழமை கிளாஸ் பாதியானது. என் எவர்சில்வர் டம்ளரை மட்டும் அவர் குறைக்கவில்லை.

போன வருடம் பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, பூ வாங்க மாட்டுத்தாவணிக்குப் போனார். பூ மார்க்கெட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது. எனக்குப் போன் வந்தபோது மணி பத்து இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். வாசலில் யாரோ இரண்டு பேர் மெதுவாகப் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டு பேசியது உள்ளே கேட்டது.

"ஓட்டல்ல இருந்தவருல்ல. குடியா இருக்கும்."

"ஆளப் பாத்தா தெரியலயேண்ணே."

"எல்லாம் வீட்டுக்குள்ளயே வச்சுக் குடிக்கிறதுதேன்."

அவரைக் கொண்டு வர இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். நான் மாடிப்படிக்குக் கீழே போனேன். மணலைக் கையால் தோண்டி ஆறு பாட்டிலையும் எடுத்தேன். பழைய சேலையில் சுற்றி, சாக்கில் போட்டு, ஸ்டூலில் ஏறி அடுப்படிப் பரணில் கைக்கு எட்டுகிற தூரம்வரை உள்ளே தள்ளினேன். பிறகு மணலைச் சமன் செய்து, மேலே இரண்டு தென்னந்துடைப்பத்தைப் போட்டேன். என் புருஷன் பிணமாக வீடு வந்து சேருவதற்குள் நான் செய்த காரியம் இதுதான். அழுதது அதற்குப் பிறகு.

பதினாறாம் நாள் கருமாதி. எங்களில், செத்தவருக்கு உயிரோடு இருந்தபோது என்னென்ன பிடிக்குமோ அதையெல்லாம் சமைத்து, இலை போட்டு, படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிடுவோம். அதற்குப் படையல் என்று பேர். வெற்றிலை போடுகிறவருக்கு வெற்றிலை, பீடி குடிக்கிறவருக்கு பீடி. எதையும் மறைக்கிற வழக்கமில்லை. நான் கறியும் மீனும் வைத்தேன். அவருடைய தம்பி, என் கொழுந்தன், இடுப்பிலிருந்து ஒரு குவார்ட்டர் பிராந்தியை எடுத்து மூடியைத் திருகி, ஒரு டம்ளரில் ஊற்றி இலைக்குப் பக்கத்தில் வைத்தார். "அண்ணேன் சாப்பிடுவாப்லல்ல" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அன்பாகத்தான் செய்தார். அண்ணன் ஓட்டலில் ஏதோ குடிப்பார் என்று கேள்விப்பட்டிருக்கிறார். ஏதோ என்றால் பிராந்தி.

பிராந்தி வாடை அடித்தால் என் வீட்டுக்காரர் பஸ்ஸில் இடம் மாறி உட்காருவார். அவர் படத்துக்கு முன்னால் அந்த டம்ளர் இருந்தது. இருபதடி தூரத்தில், அடுப்படிப் பரணில் அவருடைய ஆறு பாட்டில் இருந்தன. நாற்பது சொந்தக்காரர்களுக்கு நடுவில் நான் வாயைத் திறக்கவில்லை. எல்லோரோடும் சேர்ந்து விழுந்து கும்பிட்டேன்.

சொந்தங்கள் கலைந்துபோன பிறகாவது பாட்டில்களை இறக்கியிருக்கலாம். எங்கள் அடுப்படி மாடி இல்லாத பகுதி. மேலே வெறும் தளம்தான். பரணில் கை வைத்தால் சித்திரையில் தோசைக்கல் மாதிரி சுடும். கத்திரி தொடங்கிய அன்றைக்குக் காலையில் ஸ்டூலை எடுத்துப் போட்டுக்கூடப் பார்த்தேன். ஏறவில்லை. அந்தச் சீட்டுகளில் அவர் கையெழுத்தைப் பார்க்கத் தெம்பில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி, பக்கத்து வீட்டு அம்மா அடிக்கடி வந்து போய்க்கொண்டிருந்தாள், தனியாக இருக்கிற பொம்பளை வீட்டில் பாட்டில் இருந்தால் என்ன பேச்சு வரும் என்கிற பயம். நாளைக்கு, நாளைக்கு என்றே வைகாசி வந்தது, ஆனி வந்தது. மணல் தொட்டி காய்ந்து வெளுத்துப்போனது.

மாசி மாதம் கொழுந்தன் போன் செய்தார். முதல் வருடத் தெவசம் வருகிறது.

"மதினி, அண்ணனுக்கு என்னென்ன வைக்கணும்னு மட்டும் சொல்லுங்க. சரக்கு நான் வாங்கிட்டு வந்திர்றேன்."

"வேணாம் தம்பி. அதை நான் பாத்துக்கிறேன்."

"நீங்க எப்பிடி மதினி கடைக்கெல்லாம் போவீங்க?"

"பாத்துக்கிறேன்னு சொல்றேன்ல" என்று வைத்துவிட்டேன். ஒரு தடவை அவருக்குத் தப்பானதை வைத்துக் கும்பிட்டாகிவிட்டது. இந்தத் தடவை அவருடையதை, அவர் அந்த மாதத்துக்கென்று தேர்ந்தெடுத்ததை, எல்லோர் முன்னாலும் வைக்க வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

ஸ்டூலைப் போட்டு ஏறினேன். சாக்கை இழுக்கும்போதே தெரிந்துவிட்டது. சேலை பிசுபிசுவென்று காய்ந்து ஒட்டியிருந்தது. இரண்டு பாட்டிலில் சூட்டுக்குக் கார்க் தானாக வெளியே தள்ளி, எல்லாம் ஒழுகிப் போயிருந்தது. உள்ளே செத்த எறும்புகள். மற்ற நாலு பாட்டில் பார்வைக்கு முழுசாக இருந்தன. அவற்றிலும் கார்க் கொஞ்சம் மேலே எழும்பி நின்றது. அடுப்படித் தரையில் உட்கார்ந்து சீட்டுகளைப் படித்தேன். ஆடி, சுக்கா. ஐப்பசி, அயிரை. தை, மொச்சை. நாலாவது, சின்னப் பாட்டில், ஒல்லியானது. அந்த மாதிரி ஒன்றை நான் மோந்து பார்த்ததே இல்லை, எப்போது வாங்கினார் என்றும் தெரியாது. அதன் சீட்டில் இருந்தது: பங்குனி, பணியாரம்.

அவர் பணியாரத்தைக் கையால் தொட்டு நாலைந்து வருடம் ஆகிறது. அதற்கு முன்பும் அவருக்கு இனிப்பில் பெரிய நாட்டமில்லை. அந்த வீட்டில் கருப்பட்டிப் பணியாரம் சுட்டு, சூட்டோடு ஒன்பது பத்து தின்கிறவள் ஒருத்திதான். எனக்கு விளங்க அதற்கு மேல் என்ன வேண்டும். அந்தத் தரையிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பங்குனி பிறந்து அவர் எனக்கு அதைத் திறந்து தருவதற்குள் செத்துப்போனார். நான் அதைக் கொண்டுபோய் அடுப்பில் வைப்பது போலப் பரணில் வைத்தேன்.

அவருடைய போனில் அந்த ஓசூர்ப் பக்கத்து நம்பர் இருந்தது. அந்த வீட்டு அம்மாதான் எடுத்தாள்.

"அண்ணா ஏன் இந்த வருஷம் வரவே இல்லை? உடம்புக்கு ஒண்ணுமில்லயே?" என்றாள் எடுத்தவுடனே. சொன்னேன். அந்தப் பக்கம் அழுகிற சத்தம் கேட்டது. முகம் பார்க்காத ஒருத்தி என் புருஷனுக்காக அழுதாள். எங்கள் சொந்தத்தில் அத்தனை பேருக்கும் தெரியாத மனுஷனை அவளுக்குத் தெரிந்திருந்தது.

பிறகு பாட்டிலைப் பற்றிக் கேட்டேன்.

"எங்க வச்சிருந்தீங்கக்கா?"

"பரண்ல."

"எத்தன நாளு?"

"போன பங்குனியில இருந்து."

"வெயில் காலம் பூராவுமா?" என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், அவள் திட்டவில்லை. "தொறந்து மோந்து பாருங்க. உங்க மூக்கு தப்பாதுன்னு அண்ணா சொல்லிட்டே இருப்பாரு" என்றாள்.

அந்தச் சின்னப் பாட்டில் மாதிரி இன்னொன்று கிடைக்குமா, பஸ் ஏறி நானே வருகிறேன் என்றேன்.

"இல்லக்கா. அந்த வருஷம் கடைசி வரிசைத் திராட்சையைப் பறிக்காம கொடியிலயே விட்டுட்டோம். பாதி வத்திச் சுருங்கின பின்னாடி பறிச்சுப் போட்டது. கொஞ்சமாத்தான் வந்துச்சு. அப்புறம் அந்த மாதிரி அமையவே இல்ல. பெரிய கம்பெனியா இருந்தா அதே ருசியில இன்னொண்ணு எடுத்துக் குடுத்திருவாங்க. நாங்க அந்த வருஷம் என்ன வந்துச்சோ அதத்தான் குடுக்க முடியும்."

நான் போனை வைக்கப் போனபோது அவள் ஒன்று சொன்னாள். "அண்ணா அதை ஒரு சொட்டு வாயில விடலக்கா. சர்க்கரை இருக்குன்னாரு. மூணு விதம் எடுத்து வச்சோம். மூணையும் மோந்து பார்த்துட்டே இதை எடுத்தாரு. 'அவ இப்பிடித்தான் பார்ப்பா'ன்னு சொன்னாரு."

தெவசத்துக்கு முந்தின நாள், மற்ற மூன்றையும் திறந்தேன். கார்க் பிடுங்குகிற திருகாணியை அவர் கையில் பார்த்திருக்கிறேனே தவிர நான் பிடித்ததில்லை. கார்க் உடைந்து உடைந்து வந்தது. ஐப்பசிப் பாட்டில் புளித்துக் காடியாகியிருந்தது. தை மாதத்துப் பாட்டிலில் வேகவைத்த பழத்தின் வாடை. ஆடிப் பாட்டிலில் மிளகு இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. மூன்றையும் முற்றத்துச் சாக்கடையில் ஊற்றி, தண்ணீர் விட்டுக் கழுவினேன். சின்னப் பாட்டிலை மட்டும் திறக்கவில்லை. எதற்காகவோ நம்பிக்கை வைத்திருந்தேன். அதை முதல் காரியமாக மணல் தொட்டியில் புதைத்து, தண்ணீர் தெளித்து, சாக்கு போட்டு வைத்தேன். ஒரு வருடம் கழித்து.

மறுநாள் மத்தியானம் இலை போட்டோம். கறிச் சுக்கா, மீன், முட்டை, எல்லாவற்றுக்கும் நடுவில் கருப்பட்டிப் பணியாரம். "அண்ணேன் இனிப்பு தொட மாட்டாப்லயே மதினி" என்றார் கொழுந்தன். சொல்லிக்கொண்டே இடுப்பிலிருந்து குவார்ட்டரை எடுத்தார். வேண்டாம் என்றும் வாங்கி வந்திருந்தார். "கெடக்கட்டும், ஒரு பக்கமா."

"அதை எடுங்க தம்பி" என்றேன். சத்தம் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. வகுப்பில் பேசுகிற சத்தம். எல்லோரும் திரும்பினார்கள். "அவுக பிராந்தி குடிச்சதில்ல. ஒருநாளும் குடிச்சதில்ல. ஒயின் குடிச்சாக. ஞாயித்துக்கிழமை மத்தியானம், சோத்தோட, ஒரு கிளாஸ். முப்பது வருசம் இந்த வீட்டுலதேன் குடிச்சாக. நான்தேன் மோந்து பாத்து எடுத்துக் குடுத்தேன்."

பக்கத்து வீட்டு அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். இவ்வளவுதான். இதற்குத்தான் முப்பது வருடம் கதவைச் சாத்தினேன். கொழுந்தன் குவார்ட்டரைத் திரும்பவும் இடுப்பில் செருகிக்கொண்டு, "எனக்குத் தெரியாது மதினி" என்றார் சின்னக் குரலில்.

மணலிலிருந்து பாட்டிலை எடுத்து வந்து, ஈரத்தைத் துடைத்து, படத்துக்கு முன்னால் திறந்தேன். திறந்ததுமே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. தீய்ந்த கருப்பட்டி வாடை, அதன் அடியில் காடி. அவருடைய கிளாசில் ஊற்றினேன். பிறகு சின்ன எவர்சில்வர் டம்ளரில் இரண்டு வாய் அளவு ஊற்றி, கிளாசுக்குப் பக்கத்தில் வைத்தேன். சூடம் காட்டினோம். காக்காய்க்குச் சோறு வைத்தோம். கெட்டுப்போனதைத்தான் உங்களுக்கு வைத்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கும்பிட்டேன். உப்புக் கூடிப்போன குழம்பைக்கூட அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் தின்று எழுந்திருக்கிறார். இதையும் குடித்திருப்பார்.

படைத்ததை எல்லோரும் பகிர்ந்து சாப்பிடுவது வழக்கம். ஆம்பளைகள் கிளாசைக் கை மாற்றி ஆளுக்கொரு மிடறு குடித்து முகத்தைச் சுளித்தார்கள். "இதையா அண்ணேன் குடிச்சாப்ல?" என்றார் ஒருவர். நான் படத்துக்குக் கீழே உட்கார்ந்து, ஒரு பணியாரத்தைத் தின்றேன். பிறகு என் டம்ளரை எடுத்தேன். யாரும் தடுக்கவில்லை.

முதல் வாய் நாக்கை இழுத்தது. புளிப்பும் கசப்புமாக, தொண்டையில் இறங்கவே மறுத்தது. இன்னொரு பணியாரத்தைக் கடித்துக்கொண்டு இரண்டாவது வாயையும் குடித்தேன். அப்போது, அந்தக் காடிக்கெல்லாம் அடியில், ஒரு கணம், வத்திய பழத்தின் இனிப்பு கருப்பட்டியோடு போய் ஒட்டியது. பிறகு அதுவும் போய்விட்டது.

அவர் சரியாகத்தான் எடுத்திருந்தார். பணியாரத்துக்கு அது பொருத்தமாகத்தான் இருந்திருக்கும்.